கொழுப்புக்குக் கிரீஸ் போட்ட ஊர்

பன்னிரண்டு வருஷமாக ஜெயகரன் முயல்களுக்குக் கெட்டுப்போன கொழுப்பை ஊட்டிக்கொண்டிருந்தார். சம்பளத்துக்குத்தான். உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, கோலார் தங்க வயலிலிருந்து தினமும் விடியற்கால ரயில் பிடித்து, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இந்த வேலையைப் பார்த்தார். கொலஸ்ட்ரால் தன்பாட்டுக்குக் கிடக்கும்வரை அவ்வளவு வம்பு செய்வதில்லை; சூட்டிலும் காற்றிலும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்ட பிறகுதான் ரத்தக்குழாயைப் புண்ணாக்கி மாரடைப்பு வரை இழுத்துப்போகிறது என்பது அவர் கட்சி. நிரூபித்துவிட்டாரா என்று கேட்டால், "மேலும் ஆய்வு தேவை" என்பார். தேங்காய்ச் சட்னியா காரச் சட்னியா என்று மனைவி புஷ்பவல்லி கேட்டாலும் ஏறக்குறைய அதே பதில்தான்.

எங்கள் ஊரில் டாக்டர் என்றால் ஊசி போட வேண்டும். ஜெயகரன் மனுஷருக்கு ஊசி போடமாட்டார் என்று தெரிந்ததும் அவருக்கு 'முயல் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளியே சிரித்துக்கொள்வார். உள்ளே பற்றி எரியும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் போதகர் சாம்ராஜ் அவரைப் பேசக் கூப்பிட்டார். நம் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி கொஞ்ச நேரம் பேசினால் போதும் என்றார். ஜெயகரன் 'ஆக்ஸிஜனேற்றம்' என்று ஆரம்பித்ததுமே முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். கோயிலுக்குப் பின்னாலிருந்து கறிக்குழம்பு வாசனை வேறு வந்து கூட்டத்தை இழுத்தது. அவருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி கொழுப்பும் உடம்புக்குள்ள துருப்பிடிக்குது! அந்தத் துருதான் ஆளைக் கொல்லுது!" என்றார்.

அவ்வளவுதான், தூங்கினவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜ் என்ற கூண்டின் இரும்புக் கயிற்றில் தொங்கித்தான் அங்கே இருந்த அத்தனை குடும்பமும் வயிறு வளர்த்தது. துரு என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்சாதீர்கள், உப்புக்கண்டத்தை மாதக்கணக்கில் வைத்துத் தின்னாதீர்கள் என்று உருப்படியாக அவர் சொன்னதெல்லாம் அந்தச் சத்தத்தில் காணாமல் போயிற்று.

சாப்பாட்டுப் பந்தியில் ஃபிட்டர் சிரில் விஷயத்தைக் கையில் எடுத்தார்.

"துருப் புடிக்காம இருக்க நாம இன்னா பண்றோம்?"

"கிரீஸ் போடறோம்."

"அத்தத்தான் டாக்டரு சொல்லாம சொல்றாரு. உள்ள கிரீஸ் போடணும். அந்தக் கொழுப்பு துண்டு ரெண்ட இப்பிடி வைப்பா!"

அடுத்த வாரமே ஊர் முழுக்கக் கிரீஸ் போட ஆரம்பித்துவிட்டது. முன்பு நாய்க்கு வீசிக்கொண்டிருந்த மாட்டுக் கொழுப்பைக் கறிக்கடைக்காரர் 'டாக்டர் சொன்ன கொழுப்பு' என்று தனியாகத் தொங்கவிட்டு விற்றார். ரயிலில் இதைக் கேட்டபோது ஜெயகரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயைத் திறக்கத்தான் போனார். அதற்குள் யாரோ எழுந்து, "டாக்டர், ஜன்னலாண்ட உக்காருங்க" என்றார்கள். வெறும் டாக்டர்! முயலைக் காணோம்! மனுஷர் உட்கார்ந்தார். திறந்த வாயைக் காற்று வாங்குவதற்காகத் திறந்த மாதிரி மூடிக்கொண்டார்.

மாதம் ஒன்று போனது. ஒரு மாலை அவருடைய அக்கா லூயிசா அழுதுகொண்டே வந்தார். அக்கா புருஷன் மாணிக்கராஜ் மைசூர் மைன்ஸ் என்கிற எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஏற்கெனவே இரண்டு தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். கொழுப்பைக் கண்ணாலும் பார்க்காதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"உன் பேச்சக் கேட்டுகினு தெனம் நல்லி எலும்பு உறிஞ்சறாருடா. நேத்து ஷிப்டு முடிஞ்சி வந்தவரு வேர்த்து ஊத்தி வாசப்படியிலயே உக்காந்துட்டாரு. இவரு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

ஜெயகரனைப் படிக்கிற காலத்தில் காலேஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவர் இந்த மாமாதான். அப்படியே ஓடினார்.

"மாமா, நான் சொன்னது ஒரு உதாரணம்."

மாணிக்கராஜ் அசையவில்லை. "உதாரணத்துக்கா அத்தினி பேரு கை தட்டினாங்கோ? சபையில சொன்னத சபையில மாத்திச் சொல்லு, மச்சான். ஊட்டுக்குள்ள வந்து குசுகுசுன்னா, உங்க அக்கா சொல்லிக் குடுத்து வந்திருக்கிறன்னு அர்த்தம்."

சபையில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஜெயகரனுக்குச் சால்வை போடுவதாக இருந்தது. ஊருக்கு உதவும் விஞ்ஞானிக்கு மரியாதை. அந்தச் சால்வையை நினைத்து நினைத்து அவர் இரண்டு வாரமாகத் தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தது புஷ்பவல்லிக்கு மட்டும் தெரியும்.

சால்வை போட்டார்கள். பந்தியும் தொடங்கிவிட்டது. மாணிக்கராஜ் முதல் வரிசையில், மடியில் வறுவல் தட்டோடு, வெளிறிப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜெயகரன் மைக்கைப் பிடித்தார்.

"துருன்னு நான் சொன்னது தப்பு. உடம்பு கயிறு இல்ல. கொழுப்பு கிரீஸ் இல்ல."

கறி மெல்லும் சத்தம் நின்றது. சிரில் எழுந்தார்.

"அப்ப கொழுப்பு நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தயில சொல்லுங்க."

"அது அளவைப் பொறுத்தது, சமைக்கிற விதத்தைப் பொறுத்தது, சில கட்டங்களில் மேலும் ஆய்வு..."

கூட்டம் 'உஸ்' என்றது. அப்போது மாணிக்கராஜ் தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அதெல்லாம் இருக்கட்டும், மச்சான். இந்தத் தட்ட நான் துன்னலாமா, வேணாமா?"

ஜெயகரன் அந்த முகத்தைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார்.

படித்து முடித்த நாளிலிருந்து அவர் வாயில் வந்த முதல் நேரான பதில் அது. மாணிக்கராஜ் தட்டைக் கீழே வைத்துவிட்டார். ஊர் ஜெயகரனை மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் இவரைச் சரிக்கட்டிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. மறுநாள் ரயிலில் ஜன்னலோரமும் இல்லை, சீட்டும் இல்லை. முயல் திரும்பி வந்துவிட்டது.

மாணிக்கராஜ் மட்டும் அந்த வாரமே வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு வேணாம்னுட்ட, சரி. உனுக்குக் கொழுப்பு எவ்ளோ இருக்குது?"

"எனக்கா?"

முயல்களின் ரத்தத்தை விடாமல் எடுத்தவர், தன் ரத்தத்தில் ஒரு சொட்டைக்கூட எடுத்துப் பார்த்ததில்லை. இருவரும் ராபர்ட்சன்பேட்டையில் ரத்தம் சோதிக்கிற இடத்துக்குப் போய்ச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாமாவுக்குக் கொலஸ்ட்ரால் ஜாஸ்தி. மச்சானுக்கு அதைவிட ஜாஸ்தி. வருகிற வழியெல்லாம் மாணிக்கராஜ் கண்டவரிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை ஜெயகரன் பல மாதமாகப் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் புஷ்பவல்லி வறுவலைப் பரிமாறிவிட்டு, ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஜெயகரன் முதல் துண்டை எடுத்தார்.

"இது மொத்தக் கணக்குதான், புஷ்பா. இதுல கெட்டுப்போன கொழுப்பு எவ்வளவுன்னு இந்த டெஸ்ட்ல தெரியாது. அதனால இதை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாது. மேலும் ஆய்வு..."

புஷ்பவல்லி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்" என்றார்.