பொன்முடியில் கட்டிய கறுப்புக் கொடி

2004, ஓணம் முடிந்த வாரம். எங்கள் வீடு இருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து நானும் மனைவியும் பொன்முடிப் பக்கம் ஒரு மலைவீட்டில் இரண்டு நாள் தங்கப் போனோம். நான் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவன். குப்பியில் மிச்சமிருப்பது போதும் என்று கணக்குப் போட்டு, புதியதை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

திரும்ப வேண்டிய காலையில் திடீர் ஹர்த்தால். கடையும் இல்லை, வண்டியும் இல்லை. குப்பி காலி. முந்தின நாள் ரசித்த மலைகளெல்லாம் மதில்களாகத் தெரிந்தன.

"மரணவீட்டுக்குப் போற வண்டியை ஆரும் தடுக்க மாட்டாங்க சாரே" என்று எங்களை மலைக்குக் கூட்டிவந்திருந்த ஜீப் ஓட்டுநர் பிஜு, கிழிந்த கறுப்புக் குடைத்துணியை ஜீப்பின் முன்னால் கொடியாகக் கட்டினார்.

மனைவி ஏற மறுத்தாள். "உசிரோட இருக்கறவருக்குக் கறுப்புக் கொடியா?"

"நீ ஏறலேன்னா நிஜமாவே கட்டவேண்டி வரும்" என்றேன்.

நெடுமங்காட்டுக்கு முன்னால் கல் போட்டு மறித்திருந்தார்கள். ஒருவர் குனிந்து, "ஆரா மரிச்சது?" என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள், வாய்விட்டு அழுதுவிட்டாள். அவர்கள் கல்லை நகர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஊசி போட்டுக்கொண்டேன்.

இப்போது எங்கே போனாலும் பிரிக்காத குப்பி ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன். கறுப்புக் குடையை மட்டும் மனைவி எடுக்க விடுவதில்லை.