பதினாலு அடிப் படிக்கட்டு

வெல்டருக்குத் தன் சகலையை நினைத்தாலே வயிறு எரியும். மனைவியின் தங்கையைக் கட்டியவன், மருந்துக்கடையில் வேலை, எந்நேரமும் சிரித்த முகம். மாமனார் வீட்டில் அவன் தும்மினால்கூட ரசிப்பார்கள். மூத்த மருமகனான இவரோ அந்த வீட்டின் கேட், ஜன்னல் கம்பி என்று இத்தனை வருஷமாக அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வாய் வார்த்தை, நல்லாயிருக்கு என்று சொல்லியிருப்பார்களா? தாழ்ப்பாள் இறுகினால் மட்டும் ஞாபகம் வரும்.

மொட்டை மாடிக்கு இரும்புப் படிக்கட்டு வேண்டும் என்று மாமனார் சொன்னதும் வெல்டருக்குத் தலைகால் புரியவில்லை. இதிலாவது நம் பெயர் நிற்கட்டும் என்று டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். கூடவே சகலையும் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். சுவர் உயரம் ஒன்பது அடி. படிக்கட்டின் கால் நிற்க மாமனார் போட்டுவைத்திருந்த சிமெண்ட் மேடை, சுவரிலிருந்து பன்னிரண்டு அடி. சாய்வாக நிற்கும் சட்டத்தின் நீளம்தான் இனித் தெரிய வேண்டும். வெல்டர் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டான்.

"ஒம்பதொம்போது எண்பத்தொண்ணு. பன்னண்டு பன்னண்டு நூத்தி நாப்பத்தி நாலு. கூட்டினா இருநூத்தி இருபத்தஞ்சு. அப்போ பதினஞ்சு அடி, மாமா!"

"பாரேன், பள்ளிக்கூடத்துல படிச்சதை மாப்பிள்ளை இன்னும் மறக்கல!" மாமனார் பூரித்துப்போனார்.

"பதினாலு போதும்," என்றார் வெல்டர். "ரெண்டு முனையிலயும் பிளேட் வருதில்ல? தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் அதெல்லாம் புரியும்."

பட்டறைக்கு வந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்து பார்த்தார். சுளையாகப் பதினைந்து. பிளேட் விரல் கனம்கூட இல்லை. ஆனால் பதினைந்தில் வெட்டினால் சின்ன மாப்பிள்ளை கணக்கு என்றல்லவா பேசுவார்கள்? மனசு கேட்கவில்லை. சட்டம் பதினாலு, உயரம் ஒன்பது என்றால் தரையில் எவ்வளவு வரும் என்று திருப்பிப் போட்டார். நூற்றுத் தொண்ணூற்றாறில் எண்பத்தொன்று போனால் நூற்றுப் பதினைந்து. அப்படியானால் பத்தே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. காலை ஒன்றேகால் அடி உள்ளே தள்ளினால் தீர்ந்தது! பதினாலிலேயே வெட்டிப் பற்றவைத்தார். அந்த ஒன்றேகால் அடிக்குள்தான் குளியலறைக் கதவு திறக்கிறது என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

படிக்கட்டை நிறுத்தி போல்ட்டை முடுக்கி முடித்ததும் குளியலறையிலிருந்து தடதடவென்று தட்டும் சத்தம் கேட்டது.

"யாருங்க அங்க? கதவு திறக்க மாட்டேங்குது!" மாமியாரின் குரல்.

மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு எடுத்த அளவு இது?"

"என் தப்புதான் மாமா," என்றான் சகலை. "டேப்பை நான்தான் ஒழுங்காப் பிடிக்கல. அண்ணன் மேல கோவப்படாதீங்க."

மாமனார் அப்படியே உருகிவிட்டார். "போகட்டும் விடுங்க மாப்பிள்ளை. உதவி பண்ண வந்தவரை யாராவது குத்தம் சொல்வாங்களா?"

"தங்கமான மனசு!" கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரும் சொன்னாள்.

வேறொருவராக இருந்தால், தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். வெல்டருக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றி எரிந்தது. கடைசியில் இதையுமா அவன் தட்டிக்கொண்டு போக வேண்டும்?

"பொய்!" என்று கத்தினார். "அவன் டேப் பிடிச்சதும் சரி, பதினஞ்சுன்னு சொன்னதும் சரி. நான்தான் வேணும்னே பதினாலுல வெட்டினேன். தப்பு என்னோடது மாமா. இதையும் அவனுக்கே குடுத்துடாதீங்க!"