தூண்டில் நரம்பில் ஒரு தசை

முழங்கால் மூட்டில் அறுவை சிகிச்சை முடிந்தபின் சென்னையில் என் வாடகை வீட்டின் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகத்தில் அனுமதி கேட்டேன், கிடைத்தது. குமரி மாவட்டத்தில், புதுக்கடை என்ற ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வீடு அம்மா இறந்த பிறகு பூட்டியே கிடந்தது. தம்பி குடும்பத்தோடு மஸ்கட்டில் இருக்கிறான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாவியோடு வந்து கதவைத் திறந்தது நான் ஒருத்திதான்.

காப்புரிமை விண்ணப்பங்களைப் பரிசோதிப்பது என் வேலை. ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாக விண்ணப்பித்தால், அது உண்மையிலேயே புதியதா, வேறு யாராவது அதை முன்பே செய்தோ எழுதியோ வைத்திருக்கிறார்களா என்று தேடி அறிக்கை எழுத வேண்டும். எனக்கு வருபவை பெரும்பாலும் செயற்கைத் தசைகள். மோட்டார் இல்லாமல், சூடோ மின்சாரமோ காற்றோ கொடுத்தால் உடம்பின் தசை போலச் சுருங்கி விரியும் பொருட்கள். எந்திரக் கைகளுக்கும், வலுவிழந்த கைகால்களுக்கும் இவற்றைப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பேச்சுத்துணை குறைவு. கையில் இருக்கும் விண்ணப்பத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது. பேசலாம் என்றாலும் கேட்க ஆள் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது, சென்னையில் எனக்கு என்ன வேலை என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் கண் வேறு யாரையாவது தேடிப் போய்விடும். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் விடாமல் கேட்பாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மடிக்கணினியையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

“நீ வீட்டுக்குள்ளயே இருந்து என்னத்தயாக்கும் பிள்ளே வாசிக்கிய?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஆளுக கண்டுபிடிச்சது புதுசான்னு பாக்கிய சோலி அக்கா.”

“அதுக்குச் சம்பளமும் தருவாவளா?” என்றாள். கேலியாக இல்லை, உண்மையான ஆச்சரியத்தோடுதான் கேட்டாள். அவள் போன பிறகு குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். அன்று முழுக்க நான் பேசியது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் என்பது பாத்திரம் கழுவும்போது நினைவுக்கு வந்தது.

அந்த நாட்களில்தான் அந்த விண்ணப்பம் வந்தது. எந்த விண்ணப்பம் யாருக்கு என்று கணினியே பிரித்து அனுப்பும். ஊர், ஆள் எதையும் அது பார்ப்பதில்லை. வக்கீல் வைக்காமல் ஒரு பெண் தானே எழுதி அனுப்பியிருந்தாள். பக்கவாதம் வந்து வலுக்குறைந்த கைக்கு ஒரு கையுறை. அதன் விரல்களை மடக்குவதற்கு நைலான் தூண்டில் நரம்பு. மீன் பிடிக்கிற சாதாரண நரம்புதான். அதை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சுருள் சுருளாகத் திரளும். சூடாக்கினால் சுருள் சுருங்கும், ஆறினால் நீளும். சுருங்கும்போது விரல் மடங்கும்.

முகவரியைப் பார்த்துக் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய் இறங்கக்கூடிய கடற்கரை ஊர் அது. மேலதிகாரிக்கு உடனே தொலைபேசியில் சொன்னேன். சொந்தமா, பழக்கமா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். அப்படியென்றால் நீங்களே பாருங்கள், முடியும்வரை அவரோடு பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். முன்பின் தெரியாத ஒருத்தியோடு பேசாமலிருப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் எழுத்தை வாசிக்க வாசிக்க அவள் தெரிந்தவளாகிக்கொண்டே வந்தாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என்னைவிடச் சில வயது மூத்தவளாக இருக்கலாம். கணவர் வலையும் தூண்டிலும் விற்கும் கடை வைத்திருந்தவர். கை விழுந்தது அவருக்குத்தான். எந்தப் படத்தையும் கணினியில் வரையவில்லை, பென்சிலால் வரைந்து நிழல் தீட்டியிருந்தாள். அந்தப் படங்களில் இருந்தது ஏதோ ஒரு கை அல்ல. மோதிர விரலில் மோதிரம் இருந்தது, கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் உடைந்திருந்தது.

தேடினேன். தூண்டில் நரம்பை முறுக்கித் தசையாக்கலாம் என்பது வெளிநாட்டு ஆய்வகங்களில் முன்பே கண்டு எழுதப்பட்ட விஷயம். அதைக் கையுறையில் வைத்தவர்களும் உண்டு. அவள் உரிமை கோரியிருந்த ஒவ்வொன்றுக்கும் எதிராக ஏதோ ஒரு பழைய ஆவணம் கிடைத்தது. ஒன்றைத் தவிர. விளக்கத்தின் கடைசியில், போகிற போக்கில், மணிக்கட்டில் ஒரு சின்னக் கொளுவியைப் பற்றிச் சொல்லியிருந்தாள். தூண்டில் முள்ளின் எதிர்ப்பல் போல ஒரு பக்கமாக மட்டும் விட்டுக்கொடுக்கும் பற்கள். நரம்பு சுருங்கியதும் அவை கடித்துக்கொள்ளும். சூட்டை நிறுத்தினாலும் பிடி தளராது. மறு கையால் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். இந்த வகைத் தசைகளுக்குப் பெரிய தலைவலியே, பிடித்திருக்கும் நேரமெல்லாம் சூடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான். அதற்கு இவ்வளவு எளிய வழியை நான் வேறெங்கும் காணவில்லை. ஆனால் தனக்கு உரிமை வேண்டும் என்று பட்டியலிடும் கோரிக்கைகளில் அவள் அதைச் சேர்க்கவே இல்லை.

கோரியவை எல்லாம் முன்பே அறியப்பட்டவை என்று அறிக்கை எழுதினேன். விளக்கத்தில் சொல்லப்படும் கொளுவி மேற்கண்ட ஆவணங்கள் எதிலும் காணப்படவில்லை, அது கோரிக்கையில் இடம்பெறவும் இல்லை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு இடமில்லை. மேலதிகாரி கையெழுத்திட்டு அனுப்பினார்.

அந்தச் சமயத்தில் முழங்காலுக்குப் பயிற்சி எடுக்க ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு காலையில் முட்டில் மின்பட்டை சுற்றிப் படுத்திருந்தேன். அடுத்த கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் வலது கையில் ஒரு சாம்பல்நிறக் கையுறை. மணிக்கட்டுப் பக்கம் தையல் வந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதைப் பென்சில் கோடுகளாக எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற பெண், விண்ணப்பித்தவளாகத்தான் இருக்க வேண்டும், ஒரு பொத்தானை அழுத்தினாள். அவர் விரல்கள் மெதுவாக, தயங்கித் தயங்கி மடங்கி ஒரு எவர்சில்வர் தம்ளரைப் பற்றின. டக்கென்று ஒரு சத்தம். அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். தம்ளர் அப்படியே நின்றது. அவர் அதை வாய்வரைக்கும் கொண்டுபோய்க் குடித்தார். யாரும் கைதட்டவில்லை. வீட்டில் தினமும் நடக்கிற காரியம் போலிருக்கிறது.

நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவள், அங்கே பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண்ணிடம் அறிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. “எல்லாம் ஏற்கெனவே உள்ளதாம். எங்கயோ இருந்து ஒருத்தர் எழுதி விட்டிருக்காவ. எனக்க மாப்பிளைக்க கையில கெடக்கது, இவியளுக்கு எங்க கெடந்து கிட்டிச்சோ தெரியல்ல.”

கணவர் மெல்லச் சிரித்தார். அவருக்குப் பேச்சும் குழறியது. என்னவோ சொன்னார். அவள் குனிந்து கேட்டு, “நீங்க சும்மா இரிங்க” என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, முட்டு எப்படி இருக்கிறது, எத்தனை நாளாக வருகிறேன் என்றெல்லாம் விசாரித்தாள். ஊர், கோயில், அம்மா, தம்பி எல்லாம் கேட்டாள். அவ்வளவு அக்கறையாக என்னிடம் யாரும் கேட்டு நாளாகியிருந்தது. கடைசியில் என்ன சோலி என்று கேட்டாள். சர்க்கார் சோலி, சென்னையில் என்று மட்டும் சொன்னேன். பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

“அடுத்த தடவ வரும்போ பாப்போம். ஒங்களுக்கும் பேச்சுத்துணைக்கு ஆளாச்சு” என்றாள் கிளம்பும்போது.

அன்றே பிசியோதெரபிப் பெண்ணிடம் சொல்லி என் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு அங்கே அவளைப் பார்க்கவில்லை. நடந்ததை மேலதிகாரியிடம் சொன்னேன், சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்றார். இந்த ஊருக்கு வந்த பிறகு என்னிடம் உட்கார்ந்து பேச விரும்பிய ஒரே ஆளை நானே விலக்கிவிட்டு, சாயங்கால வெயிலில் ஆட்டோவுக்காக நின்றேன். சரியாகச் செய்தேன் என்பது அப்போது பெரிய ஆறுதலாக இல்லை.

அவளுடைய பதில் வந்தது. பக்கம் பக்கமாக வாதம். நான் எழுதிய அந்தக் கடைசி வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, கோரிக்கைகளில் ஒரு மாற்றமும் இல்லை. வாசித்தாளா, கோபத்தில் தாண்டிப் போய்விட்டாளா தெரியவில்லை. அதனால் விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது. விசாரணை காணொளியில்தான் நடக்கும். அவளிடம் கேள்வி கேட்பவர் மேலதிகாரி. நான் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டுக் குறிப்பெடுப்பேன்.

திரையில் அவள் வந்தபோது வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. நான் புரிந்துகொண்டேன். மேலதிகாரிக்கு அது தெரிய வழியில்லை. அவர் வழக்கம்போலத் தொடங்கி, முறுக்கிய நரம்பு பற்றிய பழைய ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எதிர்வாதம் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் என் அறிக்கையின் கடைசி வரியைத் தமிழில் நிதானமாக வாசித்து, இந்தக் கொளுவியை ஏன் கோரிக்கையில் சேர்க்கவில்லை என்று கேட்டார்.

“அது நான் கண்டுபிடிச்சதில்ல சார்” என்றாள். “எனக்க மாப்பிளை சொன்னது. எப்பவும் சூடு கொடுத்துக்கிட்டே இருந்தா கை வேவுதுன்னு சொன்னாவ. தூண்டில் முள்ளு போனா திரும்பாதுல்லா, அது மாதிரி ஒண்ணு வையின்னு சொன்னாவ. பேச்சு சரியா வராது, இடது கையால வரஞ்சு காட்டினாவ. எனக்க பேருல உள்ள பேப்பருல அத நான் எப்பிடி எனக்குள்ளதுன்னு கேக்க?”

மேலதிகாரி, “அவர் இப்போது பக்கத்தில் இருக்கிறாரா?” என்று கேட்டார்.

“இல்ல சார். மரிச்சுப் போனாவ. போன மாசம்.”

என் அணைந்த மைக்கின் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அழுத்தி ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்று இப்போது எழுதினாலும் சரியாக வராது. பெயர் தெரிய வேண்டாம், முகம் தெரிய வேண்டாம், அந்தத் தம்ளரை நானும் பார்த்தேன் என்று மட்டும் சொன்னால் போதும். சொல்லவில்லை.

மேலதிகாரி இரங்கல் சொன்னார். பிறகு, அவர் குரலில் நான் அதுவரை கேட்டிராத மென்மையோடு, கண்டுபிடித்தவர் என்று அவருடைய பெயரையும் சேர்க்க வழி இருக்கிறது, வாரிசு என்ற முறையில் நீங்களே அதற்கு மனு கொடுக்கலாம் என்றார்.

“மரிச்சவருக்க பேர எழுதலாமா சார்?”

“எழுதலாம் அம்மா. கண்டுபிடித்தவர் அவர்தானே.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். அந்தப் பற்களை அவர் எப்படிச் சொன்னார் என்று பிறகு சொல்லத் தொடங்கினாள். விசாரணைக்குத் தேவையில்லாதவையும் அதில் நிறைய இருந்தன. மேலதிகாரி இடைமறிக்கவில்லை.

திருத்திய கோரிக்கைகளும் மனுவும் வந்தன. இந்த முறை எல்லாம் அந்தக் கொளுவியைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தன. மறுபடியும் முதலிலிருந்து தேடினேன். இரக்கத்தால் எதையும் தவறவிட்டுவிடக் கூடாது என்ற பயத்தில், வழக்கத்தைவிடக் கடுமையாகவே தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்காததற்காக மகிழ்ச்சியோடு கணினியை மூடியது அன்றுதான். காப்புரிமை இருவர் பெயரையும் கண்டுபிடித்தவர்களாகக் காட்டி வழங்கப்பட்டது.

முழங்கால் தேறி, சென்னைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. கிளம்புவதற்கு முன் அந்தக் கடற்கரை ஊருக்குப் பேருந்தில் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெளிவில்லை. வழங்கிய பிறகும் சில காலம்வரை தொடர்புடைய எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். கோப்பு திரும்பவும் எங்களிடம் வரலாம். அதனால் விண்ணப்பத்தைப் பரிசோதித்தது நான்தான் என்று அவளிடம் சொல்லிக்கொள்ள அப்போதும் எனக்கு உரிமையில்லை.

கடையை அவளே நடத்திக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பாகற்காய்ப் பந்தலுக்குக் கட்ட நரம்பு வேண்டும் என்றேன். அதற்கு இது போதும் என்று மெல்லியதாக ஒரு சுருள் எடுத்தாள். அவர் போனதைச் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். பிறகு சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த காப்புரிமைக் காகிதத்தைக் காட்டினாள். எழுந்துபோய் வாசித்தேன். நான் தட்டச்சு செய்த எண்கள்கூட அதில் அப்படியே இருந்தன.

“ஒங்களுக்கு இது வாசிச்சா மனசிலாவுமா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம் மனசிலாவும்” என்றேன். “கொள்ளாம், நல்லா இருக்கு. ரெண்டு பேருக்க பேரும் இருக்கு.”

“அதாக்கும் எனக்கும் வேண்டியிருந்தது” என்றாள்.

சாயா போட உள்ளே போனவளை, பேருந்து வந்துவிடும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. நிறுத்தம் கடைக்கு நேர் எதிரே இருந்தது. பேருந்து வர நேரமாயிற்று. அவள் கல்லாவுக்குப் பின்னாலும் நான் சாலைக்கு இந்தப் பக்கமுமாக, ஒருவரையொருவர் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு இருந்தோம். இடையில் ஒரு மீன்வண்டி நின்றது. அது நகர்ந்தபோது, நரம்பு வாங்க வந்த யாரோ ஒருவருக்கு அவள் அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.