என் கையால் எடுத்த லைஃப் ஜாக்கெட்

என் மனைவி படகுப் போட்டியில் கலந்துகொள்ளப் போகிறேன் என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திண்டுக்கல்லில் குடத்தில் தண்ணீர் பிடிப்பதே ஒரு போட்டி. அந்த வருடம் ஆத்தூர் அணை நிறைந்திருந்தது. அவள் அலுவலக விளையாட்டு விழாவில் கனோ போட்டியையும் சேர்த்துவிட்டார்கள். ஒல்லியான படகு, ஆளுக்கொரு துடுப்பு, படகுக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அவளுக்கு ஜோடி யார் என்று கேட்டேன். அதோடு சிரிப்பு போயிற்று.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து பைக்கில் வேலைக்கு வருபவன். அவளுக்குப் பக்கத்து மேசை. நன்றாக நீந்துவான். தோள் அகலம் பத்தொன்பது அங்குலம் இருக்கும். நான் தையல்காரன், டேப் வைக்காமலே சொல்வேன். என்னுடையது பதினாறரை. என்னை எங்கே பார்த்தாலும் "அண்ணே, அண்ணே" என்று குழைவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி. வீட்டுக்கு வந்தால் அதே பேச்சு. "அவரு பின்னாடி உக்காந்து படகத் திருப்புவாரு, நான் முன்னாடி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல துடுப்புப் போடணுங்க" என்று ரசக் கரண்டியால் போட்டுக் காட்டினாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செய்தது என்ன என்று யோசித்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ரசத்தில் உப்பில்லை என்று சண்டை போட்டேன்.

லைஃப் ஜாக்கெட்டை அவரவர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "நீங்களே எடுத்துட்டு வந்துருங்க. என் அளவு உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அலுவலகம் போய்விட்டாள்.

கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்று குட்டை. இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும். கை வீச வசதியாகக் கைக்குழி அகலம், பக்கவாட்டில் இறுக்கிக்கொள்ள வார். "துடுப்புப் போடுறவுகளுக்கு இதுதான். மாட்டிவிட்டு, தோள்பட்டையப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. காது வரைக்கும் ஏறுச்சுன்னா லூசு. தண்ணியில மூஞ்சிய மூடிரும்" என்றார். கையில் வாங்கியதுமே தெரிந்தது, நான் தைக்கும் ரவிக்கை மாதிரி அவளுக்குக் கச்சிதமாக உட்காரும். அதை அவன் பின்னால் உட்கார்ந்து பார்ப்பான் என்பதும் கூடவே தோன்றியது. இன்னொன்று தடித்த ஆணுக்கானது, தொடை வரை தொங்கியது. அதைக் கட்டச் சொன்னேன்.

"யாருக்குண்ணே?"

"எனக்குத்தான்."

சாயங்காலம் சுடிதாருக்கு மேல் போட்டுப் பார்த்தாள். "பெருசா இல்ல?" என்றாள்.

"தண்ணிக்குள்ள கை கால் வீச இம்புட்டு லூசு வேணும். தைக்கிறவன் சொல்றேன்ல."

சரி என்று கழற்றி மடித்து வைத்தாள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

போட்டியன்று கடையைப் பூட்டிவிட்டு அணைக்குப் போனேன். அவர்கள் படகு இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. இரண்டு துடுப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின, பார்க்கச் சகிக்கவில்லை. தோற்றால் தேவலை என்று நினைத்தேன். திரும்பும் இடத்தில் படகு கவிழ்ந்தது. ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் மிதந்தது, அதிலிருந்து இரண்டு கைகள் மேலே நீண்டு அடித்துக்கொண்டன. தலையைக் காணவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினேன். அவன்தான் நீந்திப் போய் ஜாக்கெட்டைக் கீழே இழுத்து அவள் முகத்தை வெளியே எடுத்தான். மீட்புப் படகு வரும்வரை அவளை அணைத்துப் பிடித்திருந்தான். அந்த நேரத்திலும் அந்தக் கை எனக்கு உறுத்தியது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

கரையில் அவள் தண்ணீராகக் கக்கினாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவன் சொட்டச் சொட்ட வந்து பக்கத்தில் குத்தவைத்தான்.

"பயந்துட்டீங்களாண்ணே? இது லூசா இருக்குன்னு காலையிலயே என் தங்கச்சி ஜாக்கெட்டக் கொண்டாந்து குடுத்தேன். போட மாட்டேன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு எடுத்த அளவு ஒரு நாளும் தப்பாதுன்னாங்க."

துண்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.