அரைச் சுற்று

மகன் புதிதாக வாங்கிய, பிடியைத் திருகும் பழைய மாதிரி ரேசர் அவன் தாடையில் தத்தித் தத்தி இழுத்தது. "பிளேடு சரியில்லம்மா," என்றான். அந்தச் சொல்லில் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

அப்பா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். கரையிலிருக்கும் ஞாயிறுகளில், மாதா கோயில் பூசைக்கு முன்பு, ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் செருகிவைத்துச் சவரம் செய்வார். அவர் ரேசரில் பிளேடு ஒரு மெல்லிய தகடு. பிடியை நன்றாகத் திருகினால்தான் அது வில்லாக வளைந்து நடுங்காமல் நிற்கும்.

ஒரு சனிக்கிழமை பென்சில் சீவ அந்தப் பிளேடை ரகசியமாகக் கழற்றினேன். திரும்ப மாட்டியபோது கடைசி அரைச் சுற்று திருக என் விரல்களுக்கு வலுவில்லை. மறுநாள் அக்காவைப் பெண்பார்க்க வந்தார்கள். அப்பா கன்னத்தில் மூன்று இடத்தில் பேப்பர்த் துண்டு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குன்னு பாத்தா மூஞ்சிய இப்படி வெட்டிக்கிடணும்?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"பிளேடு சரியில்லளா," என்றார் அப்பா அவளிடம். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த நடை கொழும்பிலிருந்து வந்தபோது அக்காவுக்குச் சேலை, அம்மாவுக்குச் சோப்பு. என் உள்ளங்கையில் மட்டும் ஒரு சிவப்பு ஷார்ப்னரை வைத்து மூடினார்.

மகனிடம் ரேசரை வாங்கி அரைச் சுற்று இறுக்கிக் கொடுத்தேன்.

"பிளேடு நல்லாத்தாம்லே இருக்கு," என்றேன். அப்பாவிடம் நான் சொல்லாமலே விட்டது அது.