அகல்யா வெட்டிய பத்து நிமிஷம்

அகல்யா என்ற பெயரைச் சுலோசனா முதன்முதல் கேட்டது ஒரு வளைகாப்புப் பந்தியில். அவளுடைய ஓரகத்தியின் தங்கை, அம்பத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், பக்கத்து இலையில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிசைந்தபடியே சொன்னாள்: "மேனாம்பேட்டுல ஒரு பொம்பள ஜாதகம் பாக்குது. பேரு அகல்யா. கட்டத்தப் பாத்துப் பேசினா கோயில் மணி. ஜன்னலத் தொறந்து பேசினா மீன் மார்க்கெட்டு." பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுலோசனாவும் சிரித்துவிட்டு மறந்துபோனாள்.

மறந்த பெயர் தேவைப்பட்டபோது தானாகவே நினைவுக்கு வந்தது. கடலூரில் இருக்கும் தங்கையின் மகள் சௌம்யா, வேலப்பன்சாவடியில் கல்லூரியில் படித்த நாளிலிருந்து பெரியம்மா சுலோசனாவின் திருநின்றவூர் வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளுக்கு ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பிரசன்னா. பையனின் அப்பா நடேசன் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். "ஆளுக்கு ஒரு ஜோசியர்கிட்ட போனா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரே இடத்துல பாப்போம். பாக்குறத வீடியோவா எடுத்துக் குடுக்கணும்" என்று அவர் சொல்லிவிட்டார். அப்படி வீடியோ எடுத்துத் தருகிற ஆள் அந்த வட்டாரத்தில் அகல்யா ஒருத்திதான்.

அகல்யாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி உடம்பு, மூக்கில் எட்டுக்கல் பேசரி. மாடியில் ஒற்றை அறை. தரையில் ஒரு மனைப்பலகை, அதன்மேல் மடிக்கணினி, மடிக்கணினியின் மூடியில் நட்டநடுவே குங்குமம். சூடு தாங்காமல் அது இரைச்சல் போடும் என்பதால் அடியில் இரண்டு செங்கல் துண்டு வைத்து முட்டுக் கொடுத்திருப்பாள். திரையைத் துடைக்கத் தனியாக ஒரு வெள்ளைத்துணி. அதை வேறு எதற்கும் யாரும் தொடக்கூடாது. புருஷனே ஒருநாள் அதில் முகம் துடைத்துவிட்டு அன்றைக்குச் சோறில்லாமல் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனானாம்.

பரம்பரையாக வந்த ஜோசியம் இல்லை அவளுடையது. அம்பத்தூர் ஓ.டி.யில் 'கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்துத் தரப்படும்' என்று பலகை போட்ட ஒரு கடையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். பிறந்த நேரத்தை அடித்து அடித்து, பக்கத்தில் பெரியவர் பலன் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, பாடம் ஏறிவிட்டது. பெரியவர் காலமானதும் கடை போயிற்று, வித்தை இவளோடு வந்துவிட்டது.

வீடியோ எடுக்கும் வழக்கம் ஒரு சண்டையில் பிறந்தது. பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில், "ஆடியில் செய்யாதே என்று அகல்யா சொன்னாள்" என்று பெண் வீடும், "சொல்லவே இல்லை" என்று பிள்ளை வீடும் வாசலிலேயே கைகலந்துவிட்டார்கள். இரண்டு பேரும் அவளையே சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குத் தீர்மானித்தாள்: "இனிமே நான் இன்னா சொன்னேன்னு நான் சொல்ல மாட்டேன். மிஷினு சொல்லட்டும்."

தீர்மானித்தது சுலபம், மிஷினைத் தேர்ந்தெடுத்ததுதான் பெரும்பாடு. முதலில் இறக்கிக்கொண்ட மென்பொருள் திரையில் நடந்ததை எல்லாம் எடுத்தது, அவள் குரலை விட்டுவிட்டது. ஒரு மணி நேரம் தொண்டை கட்டப் பேசியது ஊமைப்படமாய்ப் போயிற்று. இரண்டாவது, குரலையும் எடுத்தது. ஆனால் காசு கட்டாதவரை தன் பெயரைப் படத்தின் குறுக்கே பதித்துவிடும். அது போய் உட்கார்ந்தது ராசிக் கட்டத்தில், அதுவும் கல்யாணத்துக்குப் பார்க்கிற ஏழாமிடத்தில். திருமுல்லைவாயலிலிருந்து ஒருவர் போன் போட்டுக் கேட்டாராம்: "அம்மா, ஏழாமிடத்துல இங்கிலீஷ்ல ஒண்ணு உக்காந்துகினு கீதே, அது இன்னா கிரகம்? நல்லதா, கெட்டதா?" மூன்றாவதில் பொத்தான்கள் ஆகாய விமானத்தில் இருப்பதுபோல் இருந்தன. செங்கல்லையும் மீறிக் கணினி கொதித்து, நவாம்சத்தில் நின்றவாறே உறைந்துவிட்டது.

நான்காவதுதான் அமைந்தது. திரையை எடுக்கும், குரலை எடுக்கும், எடுத்ததை வெட்டவும் வழி உண்டு. வெட்டுவதைத்தான் அவள் பெரிதாகச் சொல்வாள். "நடுவுல இருமல் வரும், குக்கர் கத்தும், கீழூட்டுக்காரி தண்ணி மோட்டார் போடச் சொல்லுவா. அத்த எல்லாம் ஜாதகத்தோட சேத்துக் குடுக்க முடியுமா? நறுக்கிடணும், கீர நறுக்குறாப்புல."

சௌம்யாவுக்கும் பிரசன்னாவுக்கும் பொருத்தம் பார்த்த அன்று சுலோசனா மட்டும் போயிருந்தாள். நடேசன் அதற்கு முந்தின வாரமே மனைவி வனஜாவோடு வந்து பையனின் குறிப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அகல்யா பதிவை ஓடவிட்டு, முதுகை நிமிர்த்தி, செந்தமிழில் ஆரம்பித்தாள். கணப்பொருத்தம் உண்டு. ரஜ்ஜு தட்டவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே காய்கறி வண்டி வந்து ஒலிபெருக்கியில் அலறியது. அகல்யா ஜன்னலைத் திறந்தாள்.

"யோவ், அந்தக் குழாய அமுக்குயா! மேல ஒரு பொண்ணோட வாழ்க்கையப் பாத்துகினு கீறேன், நீ கீழ தக்காளி கூவிகினு கீற!"

அதற்குமேல் அவள் சொன்னது அச்சில் ஏறாது. வண்டி நகர்ந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவள் தண்ணீர் குடித்தாள். சுலோசனா மெல்லக் கேட்டாள்: "கட்டம் கெடக்கட்டும்மா. அந்த நடேசன் ஆளு எப்படி? நீ பாத்திருக்கியே."

"அந்தாளா? படியேறி வந்ததும் என்னப் பாக்கலக்கா. குனிஞ்சு என் கம்ப்யூட்டருக்கு அடில செங்கல்லப் பாத்தாரு. பொம்பள ஜாதகம் பாக்குதேன்னு மூஞ்சி அப்படியே கோணிகிச்சு, வேப்பெண்ண குடிச்சாப்புல. அந்த ஊட்ல ஒரு டம்ளர் எடம் மாறுனாக் கூட விசாரண நடக்கும். ஆனா அந்தம்மா கீதே வனஜா, அது தங்கம். பொண்ணு அத்த நம்பிப் போலாம்."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது இரண்டு பேருக்கும் அப்புறம்தான் உறைத்தது. அகல்யா சிரித்தாள். "வுடுக்கா, நறுக்கிடலாம்." நறுக்கினாள். மாலையில் இரண்டு வீட்டுக்கும் வீடியோ போய்விட்டது.

மறுநாள் காலை சுலோசனாவுக்கு நடேசன் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா, வீடியோ பாத்தோம். நல்லா இருக்கு. திரையோட கீழ் மூலைல மணி ஓடுது, கவனிச்சீங்களா? பதினொண்ணு பத்துன்னு இருக்கு. அடுத்த வார்த்தையில பதினொண்ணு இருபதாயிடுது. அந்தப் பத்து நிமிஷம் எங்க போச்சு?"

"சும்மா… காய்கறி வண்டி சத்தம்…"

"பத்து நிமிஷமாவா கத்துச்சு? பொண்ணுக்கு ஏதோ தோஷம் இருக்கு, சொல்லிட்டு வெட்டிட்டாங்கன்னு எங்க தெருவுல பேச்சு வந்துடுச்சும்மா. நான் சொல்லல. வீடியோவ நாலு பேரு பாத்தாங்க."

தோஷம். அந்தச் சொல் என்ன செய்யும் என்று சுலோசனாவுக்குத் தெரியும். அவளுடைய சின்னத் தாத்தா வழியில் பேத்தி ஒருத்தி, செங்கமலம். ஜாதகத்தில் ஒரு குறையும் கிடையாது. யாரோ ஒரு பந்தலில் 'செவ்வாய் இருக்காமே' என்று வாய்விட்டார்கள். அது வந்தவாசி வரை போயிற்று, வாலாஜா வரை போயிற்று, பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் அது வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் மூன்று பிள்ளைகளைப் பெற்ற ஒருவனுக்கு இரண்டாந்தாரமாய்ப் போனாள். குடும்பத்தில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும், சௌம்யாவைத் தவிர.

அடுத்த ரயிலைப் பிடித்து அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மேனாம்பேடு வந்து படியேறியபோது அகல்யா கணினியின் முன்தான் இருந்தாள். அவளுக்கும் போன் வந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இத்தப் பாரு." வெட்டாத முழுப் பதிவும் அவளிடம் பத்திரமாக இருந்தது. முந்தைய நாள் அனுப்பிய வீடியோவை எடுத்து, கீழ் மூலையில் ஓடும் மணியின்மேல் ஒரு பிள்ளையார் படத்தை இழுத்து வைத்தாள். கட்டைவிரல் அளவுப் பிள்ளையார் மணியை மறைத்து உட்கார்ந்தார். "மறைக்கவும் இதுல வழி கீது."

சுலோசனாவுக்கு உயிர் வந்தது. "அதையே அனுப்பிடும்மா. மகராசியா இருப்ப."

அகல்யாவின் விரல் பொத்தானுக்குப் போகவில்லை. "நேத்து வந்ததுல புள்ளையார் இல்லியே, இன்னிக்கு எங்கேந்து வந்தாருன்னு கேப்பாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குற ஆளுக்கா அது. அதான் அவருக்கு வேலையே."

"முழுசாப் போட்டு, பேச்ச மட்டும் அமுக்கிட முடியாதா?"

"முடியும். கட்டம் மட்டும் தெரியும், சத்தம் இருக்காது. பத்து நிமிஷம் ஊமையா ஓடுனா இன்னும் பெரிய தோஷமாயிடும்."

கணினி இரைந்தது. பிறகு அகல்யா பிள்ளையாரைத் திரையிலிருந்து எடுத்தாள்.

"அப்படியே போட்டுக் காட்டிட வேண்டிதுதான்."

"ஐயோ! வேப்பெண்ண மூஞ்சின்னு கேட்டா அந்த மனுஷன் எழுந்து போயிடுவாரே! உன் தொழிலும் போயிடும்டி, அந்தத் தக்காளிக்காரன நீ பேசின பேச்சு…"

"என் பேச்சு என்னோட. போட்டுக் காட்டுனா இந்தச் சம்பந்தம் போவும். காட்டலன்னா பொண்ணு பேரு போவும். எது வேணும்? நீதான் பெரியம்மா, நீ சொல்லு."

சுலோசனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து போனை எடுத்து, நடேசனின் எண்ணைப் போட்டு, மணி அடிக்கத் தொடங்கியதும் அகல்யாவிடம் நீட்டினாள்.

நடேசனும் வனஜாவும் வண்டியில் வந்து இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. நடேசன் சட்டையை உள்ளே விட்டு, பேனா குத்தியிருந்தார். வனஜா பின்னால் வந்தாள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. உட்கார்ந்ததும் நடேசன் செங்கல்லைத்தான் பார்த்தார். அகல்யா அதைப் பார்த்தாள். சுலோசனா இரண்டையும் பார்த்து, சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"சார், இது வெட்டாதது. மணியப் பாத்துகினே வாங்க" என்று பதிவை ஓடவிட்டாள் அகல்யா.

ரஜ்ஜு தட்டவில்லை என்றது கோயில் மணிக் குரல். தக்காளி வண்டி அலறியது. பிறகு ஜன்னல் பேச்சு வந்தது. ஒரு வார்த்தை குறையாமல் வந்தது. நடேசனின் கழுத்து விறைத்தது. அகல்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குத்திப் பக்கம் வேர்த்திருந்தது. அடுத்து சுலோசனாவின் குரல் கேட்டது: 'அந்த நடேசன் ஆளு எப்படி?' சுலோசனாவுக்குத் தன் குரலே திருடி ஒருத்தியின் குரல்போல் இருந்தது. அப்புறம் செங்கல், வேப்பெண்ணெய், டம்ளர் எல்லாம் ஒவ்வொன்றாய் வந்தன. 'அந்தம்மா தங்கம்' என்று வந்தபோது வனஜா கைப்பையை மடியில் இறக்கினாள்.

மணி பதினொன்று இருபதைத் தொட்டது. கோயில் மணி மறுபடி ஆரம்பித்தது. நடேசன் கையைக் காட்டினார். அகல்யா நிறுத்தினாள்.

"தோஷம்னு எங்கயும் வரலையே?"

"இல்ல சார். அந்தப் பொண்ணு கட்டம் சுத்தம். நான் பேசுனது உங்களப் பத்தி. பேசுனது நான்தான்."

அப்போது வனஜா, பாதி தனக்குள்ளே சொல்வதுபோல் சொன்னாள்: "இருபத்தெட்டு வருஷமா இதத்தான் நான் சொல்றேன். காதுல விழல. கம்ப்யூட்டர் சொல்லணும்னு இருந்திருக்கு."

நடேசன் எழுந்தார். யாரிடமும் விடைபெறவில்லை. செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. கீழே வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. சுலோசனாவின் கண் நிறைந்துவிட்டது. "போயிட்டாரும்மா" என்றாள்.

வனஜா காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். வண்டி உறுமியது, ஆனால் நகரவில்லை. "இல்லம்மா. வேணாம்னா என்ன விட்டுட்டே போயிருப்பாரு. நிக்கிறாருன்னா சரின்னு அர்த்தம். தாம்பூலம் மாத்த ஒரு நல்ல நாள் பாத்துக் குடுங்க" என்றாள் அகல்யாவிடம். "தெருவுல கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. மேனாம்பேட்டுக்குப் பத்திரிகை வைக்க வனஜா மட்டும்தான் படியேறி வந்தாள்.

அகல்யா இப்போதும் அதே மாடி அறையில்தான் இருக்கிறாள், அதே நான்காவது மென்பொருளோடு. பதிவு ஓடும்போது யாராவது "ஆளு எப்படிம்மா?" என்று வாயெடுத்தால் உதட்டில் விரலை வைக்கிறாள். பலனை முழுக்கச் சொல்லி முடித்து, கணினியை மூடி, கேட்டவரைப் படிக்கட்டு வரை கூட்டி வந்து, அங்கே நின்று சொல்கிறாள்.