பல் வேலையை விட்ட இன்ஷிராஹ்

இன்ஷிராஹ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பொய்ப்பல் செய்து வந்தவள். அலெக்ஸாந்திரியாவில் எங்கள் பஹரிப் பேட்டைப் பக்கம் ரொட்டி மெல்லுகிற கிழவர்களில் பாதிப் பேர் வாயில் இருப்பது அவள் கைவேலைதான். எங்கள் கட்டிடத்தில் என் வீட்டுக்கு மேல்வீடு அவளுடையது. பல் டாக்டரிடம் தவறாத சம்பளம், தலைக்கு மேல் மின்விசிறி, மதியம் தேநீர். இவ்வளவும் இருந்தும் சாயங்காலம் படியேறும்போது செருப்பைத் தரையில் அறைந்துகொண்டே வருவாள்.

"என்னடி, யாரோட சண்டை?" என்று கேட்பேன்.

"பல்லோட சண்டை, தஹானி அக்கா. இன்னைக்கும் பல்லு, நாளைக்கும் பல்லு. சாகுற வரைக்கும் அடுத்தவன் வாய்க்கு அச்சு எடுத்துக்கிட்டே கிடக்கணுமா?"

பல் அச்சில் மிஞ்சும் மெழுகைப் பிசைந்து அவள் முகங்கள் செய்வாள். டிராமில் தூங்கி வழிந்தவர், பேரம் படியாமல் கத்தியவள், எல்லாம் கட்டைவிரல் அளவில். மேசை ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தாள். ஒருநாள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். வரிசையில் அவர் மூஞ்சியும் இருந்தது, தொங்குதாடையோடு.

"மெழுகு எனக்கென்ன ஓசியிலயா வருது?" என்று அத்தனையையும் அள்ளி உருக்குகிற சட்டியில் போட்டார்.

அவள் கையைக் கழுவினாள், மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கணவன் வஜ்தி துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை, பயந்தவன். இனிமேல் தலைச் சிலைதான் செய்வேன் என்று அவள் சொன்னதும் அன்று அவன் குரல் என் சமையலறை வரை கேட்டது.

"பல்லு செஞ்சா வாயைத் திறந்துக்கிட்டு வர்றவன் இருக்கான். தலை செஞ்சா எவன் வாங்குவான்? அவனவனுக்கு ஒரு தலை இருக்கே, போதாதா?"

"எனக்குப் போதல" என்றாள் அவள்.

மொட்டைமாடியில் காலியாகக் கிடந்த புறாக் கூண்டைக் கழுவி அங்கே உட்கார்ந்தாள். பல் அச்சு வார்த்துக் கைக்குப் பழகிய பொருள் சுண்ணச்சாந்து என்பதால் அதிலேயே பெரிய தலைகள் செய்தாள். மாடியில் காயப்போட்ட என் வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் எல்லாம் மாவு பூசின மாதிரி ஆயின. நான் கத்தினேன், அவளும் பதிலுக்குக் கத்தினாள். ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை.

இரண்டு தலைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு கலைக் கண்காட்சி நடத்துகிற ஒரு மன்றத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி துணியைக்கூட முழுசாக விலக்கவில்லையாம்.

"எந்தக் கல்லூரிம்மா?"

"கல்லூரியெல்லாம் இல்ல சார். பல் செய்யுற வேலை."

"அப்ப கைவினைப் பொருள் வைக்கும்போது வாங்க. கூடை, பாய் பக்கத்துல ஒரு இடம் போட்டுத் தரலாம்."

அவளைத் தேடி முதலில் வந்தவர் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர். வாசலுக்கு ஆள் உயர இறால் ஒன்று வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்து கொடுத்தாள். மீசை போதாது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார். இப்போது ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அந்த இறால் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கின்றன. செய்தவள் பெயர் யாருக்கும் தெரியாது. "இறால்காரி" என்று அவள் அண்ணனே கூப்பிட ஆரம்பித்தான். அன்று மாடியில் எதையோ போட்டு உடைக்கிற சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை.

யாரும் இடம் தராவிட்டால் போகட்டும் என்று மீன் சந்தைக்காரி உம்மு ரிஸ்க்கின் தலையைச் செய்து, நேரே அவள் கடையிலேயே கொண்டுபோய் வைத்தாள். சந்தையே கூடிவிட்டது.

"இது நானா? எனக்கு இவ்வளவு தடிமனாவா இருக்கு கழுத்து?" என்று உம்மு ரிஸ்க் மீன் வெட்டும் கத்தியோடு எழுந்தாள்.

"கழுத்தாவது பரவால்ல, அந்த வாயைப் பாரு! இப்பவே நம்மளைத் திட்டப் போகுது!" என்றான் பக்கத்துக் கடைக்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

"பிடிக்கலைன்னா குடு, எடுத்துட்டுப் போறேன்" என்றாள் இன்ஷிராஹ், முகம் சிவந்து.

"எங்க எடுத்துட்டுப் போவே? என் மூஞ்சி என் கடையிலதான் இருக்கும். கையை எடு!"

அந்த ஒரு சாயங்காலம்தான் அவள் செருப்புச் சத்தம் இல்லாமல் படியேறினாள். நாலு நாள் கழித்து இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தால், தலை, நல்ல மீனை வைக்கிற இடத்தில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நின்றது. உம்மு ரிஸ்க் அதற்குச் செய்த மரியாதை அது. உருகின தண்ணீர் ஊறி மூக்கு கரைந்து போயிருந்தது, ஒரு காதையும் காணோம். இன்ஷிராஹ் சந்தை நடுவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

இதற்குள் டாக்டரிடமிருந்து ஆள் வந்தது. பழைய இடம் அப்படியே இருக்கிறது, நடந்ததை மறந்துவிடலாம் என்று. வஜ்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் விடியற்காலையில் அவள் போய் வாங்கி வந்தது தண்ணீருக்குக் கரையாத சிமெண்ட், ஒரு மூட்டை. அவன்தான் முனகிக்கொண்டே மாடிக்குச் சுமந்தான்.

நேற்று மேலே போனேன். முழங்கை வரை சிமெண்ட், நகமெல்லாம் வெடித்திருந்தது. சிமெண்டில் புதிதாகச் செய்த உம்மு ரிஸ்க் தலைக்கு மூக்கை வைப்பதும் பிய்த்து எறிவதுமாக இருந்தாள்.

"சுண்ணச்சாந்து சொன்ன பேச்சு கேட்கும் அக்கா. இது கழுதை. ஒரு மூக்குக்கு மூணு நாளாச்சு."

"டாக்டர்கிட்டயே போயிருக்கலாமோன்னு தோணலையாடி?"

"தினமும் தோணுது" என்றாள், திரும்பாமல். "அந்தக் கலவை வாளியை இப்படித் தள்ளு. காய்ஞ்சிடப் போகுது."

தள்ளிவிட்டேன்.